குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டாமா?



மதீனாவின் கடைவீதியில் நடந்த அந்த நிகழ்ச்சியை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக் கொண்டிருக்கிறார். அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கிறார்கள். மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சமாதானம் சொல்கிறார். அப்படியானால் நனைந்ததை எல்லோரும் பார்க்கும்படி மேலே வைப்பதுதானே முறை என்று கேட்ட நபிகளார், ஏமாற்றி விற்பவனுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று கடுமையாக எச்சரித்தார்கள்.

ஒரு குவியல் தானியத்துக்கே இவ்வளவு விசாரணை! அப்படியானால் ஓர் ஊரே குடியேறப் போகும் நிலத்துக்கு எவ்வளவு விசாரணை வேண்டும்?

இன்று உலகெங்கும் ஒரு புதிய வியாபாரம் நடக்கிறது. ஆற்றங்கரைகளிலும் கடலோரங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஓடிய ஆலைகள் மூடப்படுகின்றன. மண்ணிலும் நீரிலும் நஞ்சு தங்கிவிடுகிறது. சில இடங்களில் அந்த நஞ்சைத் தோண்டி எடுத்து, மண்ணைச் சுத்தப்படுத்தி, அடுக்குமாடி வீடுகள் கட்டி, நகரத்தின் விலையுயர்ந்த பகுதி என்று விற்கிறார்கள். வேறு சில இடங்களில் கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக் கொண்டு போய்விடுகிறார்கள்.

எங்கே சுத்தம் செய்தார்கள், எங்கே பூட்டிவிட்டுப் போனார்கள் என்று கணக்குப் பார்த்தால் கிடைக்கும் விடை ஒன்றுதான். வாங்க வருபவன் பணக்காரனாக இருந்தால் சுத்தம்! பக்கத்தில் வாழ்பவன் ஏழையாக இருந்தால் பூட்டு!

இது வெறும் குற்றச்சாட்டு அல்ல. ஒரே கம்பெனி விட்டுச்சென்ற இரண்டு நிலங்களை எடுத்துக் கொள்வோம்.

சிட்னியில் ஒரு நியாயம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பரமட்டா ஆற்றங்கரையில், ஹோம்புஷ் வளைகுடாவை ஒட்டி ரோட்ஸ் என்றொரு பகுதி இருக்கிறது. 1928-ல் அங்கு ஓர் இரசாயன ஆலை தொடங்கப்பட்டது. 1957-ல் அதை அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கம்பெனி வாங்கியது. வியட்நாம் மக்கள் தலையில் அமெரிக்க விமானங்கள் தெளித்தனவே, அந்த 'ஏஜெண்ட் ஆரஞ்சு' நஞ்சில் சேரும் 2,4,5-டி என்ற களைக்கொல்லி அங்கே தயாரானது. கழிவைக் கொட்டியே ஆற்றின் ஓரத்தை மேடாக்கி நிலம் சேர்த்துக் கொண்டார்கள். டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு வளைகுடாவின் சேற்றில் படிந்தது. அங்கே மீன் பிடிப்பதற்கே தடை போட வேண்டியதாயிற்று.

பிறகு என்ன நடந்தது? 2000-ல் ஒலிம்பிக் போட்டிகள் அதே ஹோம்புஷ் பகுதிக்கு வந்தன. நிலத்தின் விலை ஏறியது. அரசும் கட்டட நிறுவனங்களும் பணத்தை எடுத்து வைத்தன. ஆலை இருந்த இடத்தின் மண்ணைத் தோண்டி, சூடேற்றி நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். வளைகுடாவின் சேற்றையும் வாரி எடுத்துச் சுத்தப்படுத்தினார்கள். இன்று ரோட்ஸ் ஆற்றைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடிகளும் கடைவீதிகளும் கொண்ட, மக்கள் விரும்பி வாங்கும் குடியிருப்பு.

அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2006-ல் சிட்னி துறைமுகம் முழுவதும் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீனை உண்ண வேண்டாம் என்று அரசே இன்றும் எச்சரிக்கிறது. கையில் பணமும் மனத்தில் விருப்பமும் உள்ள நாட்டிலேயே நீரில் கலந்த நஞ்சு முழுதாக விடைபெறவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

போபாலில் ஒரு நியாயம்

அதே யூனியன் கார்பைடு கம்பெனி போபாலிலும் ஆலை வைத்திருந்தது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு அங்கிருந்து வெளியேறிய விஷவாயு, உறங்கிக் கொண்டிருந்த ஏழைகளைக் கொன்றது. பழைய போபாலின் முஸ்லிம்கள், தலித்துகள், கூலித் தொழிலாளர்கள் என்று ஆலையைச் சுற்றிக் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள்தாம் முதலில் விழுந்தார்கள். மாநில அரசு ஒப்புக் கொண்ட சாவுக் கணக்கே 3,787. பாதிக்கப்பட்டோர் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். 1989-ல் 47 கோடி டாலருக்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது. 2010-ல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்குக் கிடைத்த தண்டனை இரண்டாண்டுச் சிறை! கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவும் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியாகிவிட்டது.

வாயு ஓரிரவில் கலைந்துவிட்டது. நிலத்தில் கொட்டிய கழிவு கலையவில்லை. ஆலையின் கழிவுகள் நிலத்தடி நீரில் இறங்கின. சுற்றுப்புற மக்கள் அந்த நீரையே இறைத்துக் குடித்தார்கள். அவர்களுக்கு வேறு குடிநீர் கொடுங்கள் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. ஆலைக்குள் மூட்டை கட்டி வைத்திருந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் வெளியே போனது. கணக்குப் போடுங்கள்: நாற்பது ஆண்டுகள்! அதுவும் உயர் நீதிமன்றம் அதட்டிய பிறகு! அந்தக் கழிவு போய்ச் சேர்ந்த பிதாம்பூரிலும் மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். மூட்டைகள் போய்விட்டன, மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் இறங்கியது அங்கேயே இருக்கிறது.

ஒரே கம்பெனி. சிட்னியில் ஒரு தராசு. போபாலில் இன்னொரு தராசு. வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. மத்யன் மக்களை நபி ஷுஐப் (அலை) அவர்கள் எச்சரித்ததும் இந்த அளவு மோசடிக்காகத்தான். மண்ணை அளப்பதில் நடக்கும் மோசடி மட்டும் மோசடி ஆகாதா?

பக்கத்து மலை தந்த பாடம்

போபால் தூரத்தில் இருக்கிறது என்று சொல்பவர்கள் கொடைக்கானலைப் பார்க்கட்டும். நம்மைப் போலவே மலைவாசிகள். நம்மைப் போலவே சோலைக்காடும் குளிரும் சுற்றுலாவும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக் கொண்டிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலையைப் பெயர்த்து எடுத்து வந்து 1980-களில் கொடைக்கானல் மலைமேல் வைத்தார்கள். முதலில் பாண்ட்ஸ் இந்தியா. பிறகு ஹிந்துஸ்தான் லீவர். செய்த வெப்பமானிகள் பெரும்பாலும் கப்பலேறின. பாதரசம் நம் மலையில் தங்கியது. ஆலையின் எல்லையை ஒட்டிப் பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் நீர் வைகைக்குப் போகிறது.

2001 மார்ச்சில் உண்மை வெளிப்பட்டது. எங்கே தெரியுமா? மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில்! பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, 7.4 டன், மக்கள் வசிக்கும் இடத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அதை உலகுக்குக் காட்டினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடல் கெட்டது, உயிர்கள் போயின என்று தொழிலாளர்கள் சொன்னார்கள், கம்பெனி மறுத்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள் கழித்து!

மண்ணைச் சுத்தம் செய்யும் அளவிலும் தகராறுதான். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று ஓர் அளவு வைத்தார்கள். இயற்கை மண்ணில் இருப்பதைப் போல இது பல மடங்கு என்று சுற்றுச்சூழல் அமைப்பினர் எதிர்த்தார்கள். ஐரோப்பாவில் உன் சொந்த ஊரில் இந்த அளவை ஏற்பாயா என்று அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

'காயலான் கடை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தப் பெயரிலேயே நம் காயல்பட்டினம் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய இரும்பும் உடைந்த கண்ணாடியும் வாங்கி விற்கும் தொழிலில் நம் சகோதரர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஓர் ஆலை மூடப்பட்டு ஏலம் போகும்போது, அதன் குழாயையும் தொட்டியையும் முதலில் தொடும் கை யாருடைய கை? வெறுங்கையால் மூட்டையைப் பிரிக்கும் அந்தச் சிறுவன் யார் வீட்டுப் பிள்ளை? இது சமுதாயப் பிரச்சினையா என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

நம் வாசலில்

இப்போது நீலகிரிக்கு வருவோம்.

உதகை–கூடலூர் சாலையில் இந்து நகர். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை அங்கே இருந்தது. 1960-ல் நிறுவப்பட்டு, 1967 முதல் உற்பத்தி. கருப்பு வெள்ளை சினிமாச் சுருள், மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே படம், புகைப்படத் தாள் என்று நாடே அதன் 'இந்து' முத்திரையைப் பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி உதகையில் வேர் விட்டன. 1996-ல் நலிவடைந்த ஆலை என்று அறிவித்தார்கள். 2014-ல் மத்திய அமைச்சரவை 181 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, எஞ்சிய தொழிலாளர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தது. இயந்திரங்கள் நின்றன. நிலம் மட்டும் நிற்கிறது.

மலையில் நிலம் என்றால் தங்கம் அல்லவா? தகவல் தொழில்நுட்பப் பூங்கா வரும், அது வரும், இது வரும் என்று பேச்சு அடிபட்டது. நாளை வீடு வரலாம், விடுதி வரலாம், மீண்டும் காடே வரலாம். எது வந்தாலும் நம் கேள்வி ஒன்றுதான்: குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தீர்களா?

புகைப்படச் சுருள் தொழில் தண்ணீரைக் குடிக்கும் தொழில். வெள்ளி உப்புகளும் பலவகைக் கரைப்பான்களும் இல்லாமல் அது நடக்காது. நீரில் கரைந்த வெள்ளி, மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. எனவே எந்தக் கட்டடத்தில் எதைக் கையாண்டார்கள், கழிவை எங்கே விட்டார்கள், இன்று அந்த மண்ணிலும் ஊற்றிலும் என்ன இருக்கிறது என்ற முழுக் கணக்கும், நிலம் கை மாறுவதற்கு முன்பு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஆலையைக் குற்றவாளி ஆக்குவதற்காக அல்ல. அங்கே நாளை வீடு கட்டுபவன் தெரிந்து கட்டுவதற்காக.

மலையில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே கொட்டியது இங்கே நிற்காது. இந்தச் சரிவுகளின் நீர் மோயாற்றில் இறங்குகிறது. மோயாறு பவானிசாகரில் சேர்கிறது. அந்த அணையை நம்பி ஈரோட்டுச் சீமையில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர். நீர்நிலையிலும் நிழலிலும் பாதையிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல் என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. மேலே இருப்பவன் பொறுப்பில்லாமல் இருந்தால் கீழே இருப்பவன் குழந்தைக்கு நஞ்சூட்டுகிறான்.

"நிலம் சும்மா கிடக்க வேண்டுமா?"

நாம் இப்படிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும்: "வேலையில்லாத ஊரில் திட்டத்தைத் தடுக்கிறீர்களே, நிலம் சும்மா கிடக்க வேண்டுமா?"

இல்லை. சும்மா கிடக்கக் கூடாது என்பதுதான் நம் கட்சி. பாழ்பட்ட நிலத்தைச் சுத்தப்படுத்தி வாழ்விடம் ஆக்குவது நல்ல காரியம். தரிசான நிலத்துக்கு உயிர் கொடுப்பவனுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் ஷரீஅத்தைப் பின்பற்றும் நாம் அதை எப்படி எதிர்க்க முடியும்? சிட்னியில் செய்ததை ஏன் செய்தாய் என்று நாம் கேட்கவில்லை. போபாலில் ஏன் செய்யவில்லை என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றும் கேட்கிறோம்: சுத்தமான பிறகு யாருக்கு? லண்டனில் பழைய கப்பல் துறைகள் மூடப்பட்ட பின், 1981 முதல் 1998 வரை ஒரு தனிக் கழகம் வைத்து அந்த ஆற்றங்கரையை மாற்றினார்கள். கேனரி வார்ஃப் கோபுரங்கள் எழுந்தன. அவை நிற்கும் டவர் ஹேம்லெட்ஸ் வட்டாரத்தில் 2021 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு நாற்பது பேர் முஸ்லிம்கள். பெரும்பாலோர் சில்ஹெட்டிலிருந்து குடியேறிய வங்காளிகளின் சந்ததியினர். வங்கிக் கோபுரங்களின் நிழலிலேயே, பிரிட்டனில் குழந்தை வறுமை மிக அதிகமுள்ள வட்டாரங்களுள் ஒன்றாக அது இருக்கிறது. ஆற்றைப் பார்க்கும் வீடு வந்தவனுக்கு. நெருக்கடிச் சந்து இருந்தவனுக்கு!

நீலகிரியில் இது நடக்காதா? 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்காக அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. 2022-ல் அந்த டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குக் கொடுக்க உத்தரவு வந்தபோது, லைன் வீடுகளில் வாழ்ந்தவர்களின் நெஞ்சு பதறியதைப் பார்த்தோம். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்த கைக்கு ஓர் அடி நிலத்தின் பத்திரம் கிடையாது. ஆலை நிலம், தோட்ட நிலம் எதுவாயினும், உழைத்தவனுக்கு முதல் உரிமை என்று எழுதி வைக்காத வரையில் கோயம்புத்தூர், பெங்களூர்ப் பணம்தான் முந்தும்.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் முதுகைப் பார்ப்பவன் தன் முதுகையும் பார்க்க வேண்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழில் நம் சமுதாயத்துக்குச் சோறு போட்டது. மதரஸாக்களும் கல்லூரிகளும் கட்டித் தந்தது. அதே தொழில் பாலாற்றுக்கு என்ன செய்தது? 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை இந்த நாட்டுச் சட்டமாக நிலைநாட்டியது வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான். இராணிப்பேட்டையிலோ, 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு இருபது ஆண்டுகளுக்கு மேல் மலைபோல் கிடந்தது. முஸ்லிம் முதலாளி செய்தாலும் வெள்ளைக்கார முதலாளி செய்தாலும் அரசாங்கமே செய்தாலும் நஞ்சு நஞ்சுதான். தராசு ஒன்றுதான்.

நாம் கேட்பது

இப்போது கையில் ஒரு சட்டமும் இருக்கிறது. மாசடைந்த நிலங்களைப் பற்றிய விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய நிலங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சிகளும் கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்டச் சோதனையை முடிக்க வேண்டும். சுத்தம் செய்யும் செலவை மாசு செய்தவர் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் தானாக நடக்காது. நடக்க வைக்க வேண்டும். எனவே:

1. நீலகிரியில் மூடப்பட்ட ஒவ்வோர் ஆலை நிலமும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும்.

2. மண், ஊற்று, ஓடை ஆகியவற்றின் சோதனை முடிவுகளைத் தமிழில் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். அதற்கு முன் எந்த நிலமும் கை மாறக் கூடாது.

3. பழைய இயந்திரம், குழாய், தொட்டி எதையும் நஞ்சு நீக்காமல் ஏலம் விடக் கூடாது.

4. வீடு வருமானால், அங்கு உழைத்தவர்களுக்கும் மலையின் பழங்குடியினருக்கும் வீடற்ற ஏழைகளுக்கும் முதல் பங்கு.

5. சுத்தத்தின் அளவு, மேல்நாட்டுப் பணக்காரன் வீட்டுக்கு எதுவோ, நம் ஏழையின் வீட்டுக்கும் அதுவே.

சகோதரர்களே! அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. மஹல்லா நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். படித்த இளைஞர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. படுகர், தோடர், இருளர், தாயகம் திரும்பியோர், மற்றச் சமய அன்பர்கள் எல்லோரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நாம் எல்லோரும் குடிப்பது ஒரே மலையின் தண்ணீர்தான். நிலத் தரகு பார்க்கும் சகோதரர்களே, காயலான் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! விற்பதற்கு முன்னும் வாங்குவதற்கு முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த வியாபாரியின் குவியல் ஓரிரு நாளில் விற்றுத் தீர்ந்திருக்கும். நிலத்துக்குள் மறைத்தது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வெளியே வரும். மறுமையில் கேள்வி கேட்கப்படும் முன் இம்மையிலேயே கேள்வி கேட்போம்.

கையை விட்டுப் பார்ப்போம். ஈரம் இருந்தால் எல்லோருக்கும் காட்டுவோம். இன்ஷா அல்லாஹ், இந்த மலையின் நீர் மாசில்லாமல் கீழிறங்கும்.